கூட்டம் கூட்டிய துண்டுப் படம்!

ஒரு சினிமாப் படம் வெளிவரப் போகிறது. அதற்கு விளம்பரம் வேண்டும். ஆனால், கையில் இருந்து காசு போகக் கூடாது. ஊரெல்லாம் அந்தப் படத்தைப் பற்றியே பேச வேண்டும்!

முடியுமா?

முடியும். 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் அது நடந்தது.

அந்தப் படத்தின் பெயர் "பரதேசி". டைரக்டர் பாலா எடுத்தது. அதர்வாவும், வேதிகாவும், தன்சிகாவும் நடித்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ஒரு நாவலைத் தழுவியது.

படம் மார்ச் 15-ந்தேதி திரைக்கு வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, படக் குழுவினர் ஒரு சிறு துண்டை இன்டர்நெட்டில் வெளியிட்டார்கள். அது படத்தில் வரும் காட்சி அல்ல. படம் எடுக்கும்போது எடுத்த காட்சி!

அதில் டைரக்டர் பாலா வருகிறார். கையில் ஒரு குச்சி. நடிகர்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுக்கிறார். சொல்லிக் கொடுக்கும்போதே அடிக்கிறார்!

அவ்வளவு தான். பற்றிக் கொண்டது.

"பார்த்தாயா?" என்று ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினார். அவர் பத்துப் பேருக்கு அனுப்பினார். "இப்படியும் அடிப்பார்களா?" என்று சிலர் கொதித்தார்கள். சிலர் அதைக் கேலிப் படமாக்கிச் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

நடித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். "அது நிஜக் குச்சி அல்ல. வலிக்காது. எப்படி அடிக்க வேண்டும், அடி வாங்கினால் எப்படித் துடிக்க வேண்டும் என்று காட்டினார், அவ்வளவு தான்" என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

விளக்கம் வந்ததும் மறுபடியும் ஒருமுறை எல்லோரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். போஸ்டர் ஒட்டக் கூலி இல்லை. பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் இல்லை. பார்த்தவர்களே விளம்பரம் செய்யும் ஆட்கள் ஆகிவிட்டார்கள்!

ஆனால் ஒன்று. அவர்கள் பேசியது டைரக்டரின் குச்சியைப் பற்றி. வால்பாறையைப் பற்றி அல்ல.

மலையில் விழுந்த அடி

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்குப் போகிறவர்கள் ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குவார்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே போகப் போகக் குளிர். கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். போட்டோ பிடிக்காமல் யாரும் திரும்ப மாட்டார்கள்.

அந்தக் கம்பளத்தை விரித்தவர்கள் யார்? அதைத் தான் அந்த நாவல் சொல்கிறது.

நாவலின் பெயர் "ரெட் டீ". தமிழில் சொன்னால் "சிவப்புத் தேநீர்". எழுதியவர் பி. எச். டேனியல். அவர் ஒரு டாக்டர். 1940-களில் இந்தத் தோட்டப் பகுதிக்கு வேலைக்கு வந்தார். தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அவர்கள் வாய்விட்டுச் சொன்ன கதைகளையும் கேட்டார். அவர்கள் சங்கம் அமைக்கவும் துணை நின்றார்.

அந்தக் கதைகளை வைத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 1969-ம் ஆண்டு வெளிவந்தது.

கதையில் கருப்பன் என்று ஒருவன். வள்ளி அவன் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். பஞ்சம். வேலை இல்லை. அப்போது ஒரு மேஸ்திரி வருகிறான். இனிக்க இனிக்கப் பேசுகிறான். "மலைக்கு வாருங்கள். நல்ல கூலி. ஒரு வருஷம் வேலை பார்த்தால் கை நிறையப் பணத்தோடு திரும்பலாம்" என்று ஆசை காட்டுகிறான். முன்பணமும் தருகிறான்.

அந்த முன்பணம் தான் கால் விலங்கு!

மலைக்குப் போகிறார்கள். மழை, குளிர், அட்டைக் கடி, மலேரியாக் காய்ச்சல். வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், வாங்கிய முன்பணம் அடைந்தபாடில்லை. கடன் இருக்கும்வரை ஊருக்குத் திரும்ப முடியாது. ஓடினால் பிடித்து வருவார்கள். அடிப்பார்கள்.

"பரதேசி" படத்தில் இந்த மேஸ்திரி, கங்காணியாக வருகிறார். படத்தில் கதாநாயகனின் பெயரும் ஊரும் வேறு. ஆனால் முன்பணமும், தீராத கடனும், கொள்ளை நோயும் அதே தான்.

படப்பிடிப்பில் விழுந்த அடி பொய் அடி. மலையில் விழுந்தது நிஜ அடி. ஊர் சுற்றியது பொய் அடி!

1951-ம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருக்க வீடு, வைத்திய வசதி, வேலை நேரத்துக்கு வரம்பு எல்லாம் அதன் பிறகு தான் சட்டப்படி உரிமை ஆயின. வால்பாறையில் இன்று கொழுந்து பறிக்கிறவர்களில் பலருடைய பாட்டனும் பாட்டியும் அந்தக் கருப்பனும் வள்ளியும் நடந்த வழியில் வந்தவர்கள் தான். அவர்களுடைய கதை உலகத்துக்குத் தெரிய ஒரு வாய்ப்பு வந்தது. வாசலிலேயே குச்சி குறுக்கே நின்றுவிட்டது.

"மீதியை வெள்ளித் திரையில் காண்க"

படத்தில் கொஞ்சத்தை இனாமாகக் காட்டி, மீதிக்கு டிக்கெட் வாங்க வைப்பது புதிய வித்தை அல்ல. கோவை மாவட்டத்துக்காரர்களுக்கு அது நூறு ஆண்டுப் பழக்கம்.

கோவையில் பிறந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வே உத்தியோகம் பார்த்தார். 1905-ம் ஆண்டு டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ம் ஆண்டில் கோவையில் "வெரைட்டி ஹால்" என்ற நிலையான சினிமாக் கொட்டகையைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்று தான் பெயர்.

கூடாரக் கொட்டகைகளின் காலத்தில் மாட்டு வண்டி தான் விளம்பரம். வண்டியின் இரு பக்கமும் தட்டி. முன்னால் மேளம். வண்டிக்குள் இருந்து ஓர் ஆள் கலர் நோட்டீசுகளை வீசிக்கொண்டே போவான். பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். ஒரே பையனிடம் பத்து நோட்டீசு இருக்கும்!

பிறகு பாட்டுப் புத்தகம் வந்தது. கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்பார்கள். அதில் பாட்டுக்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகியை வில்லன் தூக்கிக்கொண்டு போவான். கதாநாயகன் பின்னால் குதிரையில் விரைவான். அடுத்த வரி என்ன?

"மீதியை வெள்ளித் திரையில் காண்க!"

கெட்டிக்காரர்கள். எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று தெரிந்து வெட்டினார்கள். கதை என்ன என்று புரியும். முடிவு என்ன என்று புரியாது. தூக்கம் வராது. மறுநாள் கொட்டகையில் கூட்டம் நிற்கும்.

ரேடியோவும் அப்படித் தான். 1952-ம் ஆண்டில் அகில இந்திய வானொலி, சினிமாப் பாட்டுக்களை வெகுவாகக் குறைத்தது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பாட்டு இனாமாகக் காதில் விழுந்தது. படத்துக்கு ஆள் சேர்ந்தது. 1980-களில் வெள்ளிக்கிழமை இரவு டெலிவிஷனில் "ஒலியும் ஒளியும்" வந்தது. டெலிவிஷன் இருந்த வீட்டில் தெருவே கூடியது.

அந்தக் காலத்தில் படப்பெட்டி வால்பாறைக்கு வர வேண்டுமானால் 40 வளைவும் ஏறித் தான் வர வேண்டும். இப்போது படத்துண்டு காற்றில் ஏறி வருகிறது. தேயிலைக் காட்டில் வேலை முடித்து வீடு திரும்பும் பெண், சட்டைப் பையில் செல்போன் வைத்திருக்கும் தம்பியிடம் கேட்கிறாள்: "ஏன் கண்ணு, புதுப் படம் ஒண்ணும் வரலியா?" அவன் அரை நிமிடத்தில் எடுத்துக் காட்டுகிறான்.

பாட்டு ஜெயித்தது, படம்?

இனாம் விளம்பரத்தில் யாரும் எட்ட முடியாத உயரத்தை எட்டியது ஒரு தமிழ்ப் பாட்டு. "வொய் திஸ் கொலவெறி டி".

"3" என்ற படத்துக்காக நடிகர் தனுஷ் எழுதிப் பாடியது. இசை அமைத்தவர் அனிருத். அவருக்கு அது தான் முதல் படம். பாட்டு அரைகுறையாக இருக்கும்போதே எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. வேறு படக் குழுவாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர்கள் 2011-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி, பாட்டை முழுசாகப் பதிவு செய்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதைப் படமாகவும் காட்டி, தாங்களே யூ டியூபில் வெளியிட்டு விட்டார்கள்.

உலகமே பாடியது! ஜப்பான் பிரதமர் நோடா டெல்லிக்கு வந்தபோது, அவருக்குப் பிரதமர் மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுசும் அழைக்கப்பட்டார். பாட்டைப் பார்த்தவர்களின் கணக்குப் பிற்பாடு 10 கோடியைத் தாண்டியது.

படம் நாலரை மாதம் கழித்து, 2012-ம் ஆண்டு மார்ச் 30-ந்தேதி வந்தது. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை.

காரணம் என்ன? பலர் பல காரணம் சொல்வார்கள். ஒன்று மட்டும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பாட்டு தமாஷ் பாட்டு. படமோ சோகப் படம். மனநோயால் துன்பப்படும் கணவன், காரணம் தெரியாமல் தவிக்கும் மனைவி. சிரிக்க வந்தவர்களுக்கு அழுகையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பாயசம் என்று சொல்லிக் கூப்பிட்டுக் கஷாயம் கொடுத்த கதை தான். கஷாயம் நல்லதாகவே இருக்கலாம். வந்தவன் முகம் சுளிக்கத் தான் செய்வான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குணா குகையில் விழுந்தவனை நண்பர்கள் மீட்கும் கதை. 1991-ம் ஆண்டு வந்த "குணா" படத்தின் "கண்மணி அன்போடு" பாட்டு அதில் வருகிறது. பழைய பாட்டு மறுபடியும் செல்போன் செல்போனாக வலம் வந்தது. பாட்டைக் கேட்டு வந்தவர்களுக்குக் கொட்டகையில் அதே பாட்டு, அதே குகை! மொழி தெரியாதவர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டில் மலையாளப் படம் ஒன்று அவ்வளவு பெரிய வசூல் கண்டது அதற்கு முன் இல்லை.

பாட்டுக்கு இசை அமைத்த இளையராஜா, அதே ஆண்டு மே மாதம் படக் குழுவுக்கு வக்கீல் நோட்டீசு அனுப்பினார். உரிமை வாங்கித் தான் பயன்படுத்தினோம் என்றார்கள் அவர்கள். இனாமாக ஊர் சுற்றும் பாட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு.

தன் வீட்டிலேயே திருடியவர்கள்

துண்டுப் படம் லாபமா, நஷ்டமா? அமெரிக்காவிலும் பட முதலாளிகளுக்கு இதே குழப்பம் தான்.

அங்கே "வயாகாம்" என்று ஒரு பெரிய கம்பெனி. பாரமவுண்ட் படக் கம்பெனியும் அதன் கையில் இருந்தது. "எங்கள் படத்துண்டுகளை உங்கள் யூ டியூபில் திருட்டுத்தனமாகப் போடுகிறார்கள். 100 கோடி டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும்" என்று 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் வழக்குப் போட்டது.

2010-ம் ஆண்டில் யூ டியூப் தரப்பு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. வயாகாம் கம்பெனியே 18 விளம்பர ஏஜெண்டுகளை அமர்த்தி, தன் படத்துண்டுகளை ரகசியமாக யூ டியூபில் போட்டதாம்! திருடியது போலத் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே அவற்றைக் கெடுத்துப் போட்டதாம்! தன் ஆபீசில் இருந்து போட்டால் தெரிந்துவிடும் என்று, வெளியே ஜெராக்ஸ் கடைக்கு ஆட்களை அனுப்பிப் போட்டதாம்! எது திருட்டு, எது தான் போட்டது என்று அந்தக் கம்பெனிக்கே தெரியாமல் போய், தானே போட்டதை நீக்கச் சொல்லி, பிறகு திரும்பப் போடச் சொன்னதாம்!

ஆள் வைத்துத் தன் வீட்டில் தானே திருடிவிட்டுப் போலீசுக்குப் போன கதை மாதிரி இருக்கிறது அல்லவா? 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

இங்கிலாந்தின் "மாண்டி பைதான்" ஹாஸ்யக் குழுவினர் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய தமாஷ் காட்சிகளையும் பலர் திருட்டுத்தனமாகப் போட்டு வந்தார்கள். 2008-ம் ஆண்டு நவம்பரில் குழுவினர் தாங்களே நல்ல தெளிவான துண்டுகளை இனாமாக வெளியிட்டார்கள். "இதற்குப் பதிலாக எங்கள் படத் தட்டுகளை விலைக்கு வாங்குங்கள்" என்று கேட்டார்கள். ஜனங்கள் வாங்கினார்கள்! அமேசான் கடையில் அவர்களுடைய தட்டுகளின் விற்பனை 230 மடங்கு கூடியதாகக் கணக்குச் சொன்னார்கள்.

படத்துக்கும் கைரேகை!

இப்போது யூ டியூபில் ஒருவர் படத்துண்டைப் போட்டதும், சொந்தக்காரருக்கு எப்படித் தெரிகிறது? கோடிக்கணக்கான துண்டுகளை யார் உட்கார்ந்து பார்ப்பது?

மனிதர் பார்ப்பது இல்லை. கம்ப்யூட்டர் பார்க்கிறது. போலீசில் கைரேகை எடுத்து வைப்பார்கள் அல்லவா? அது போலப் பட முதலாளிகள் தங்கள் படத்தைக் கொடுத்து வைக்கிறார்கள். படத்தின் ஒலிக்கும், காட்சிக்கும் கம்ப்யூட்டர் ஒரு "கைரேகை" எடுத்துக்கொள்கிறது. புதிதாக யார் எதைப் போட்டாலும் ஒத்துப் பார்க்கிறது. 2007-ம் ஆண்டு முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ரேகை ஒத்துவிட்டால் சொந்தக்காரர் இஷ்டம். தூக்கி எறியச் சொல்லலாம். அல்லது, "இருந்துவிட்டுப் போகட்டும். அதில் வரும் விளம்பரக் காசு எனக்கு" என்று சொல்லலாம். அல்லது, எந்த ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கலாம். ரசிகன் ஆசையாகப் போடுகிறான். பணம் முதலாளிக்குப் போகிறது. அவன் கூலி வாங்காத விளம்பர ஆள்!

கொட்டகைக்குள் செல்போன்

வீட்டில் இளவட்டங்கள் இருந்தால் பெரியவர்கள் ஒரு விஷயத்தைக் காதில் போட்டு வைப்பது நல்லது.

படக் கம்பெனியே வெளியிட்ட முன்னோட்டத்தையோ, பாட்டையோ அதன் யூ டியூப் பக்கத்தில் இருந்து அப்படியே நண்பர்களுக்கு அனுப்பலாம். அதற்காகத் தான் அவர்கள் வெளியிடுகிறார்கள். ஒரு படத்தை விமர்சனம் செய்கிறவர், சொல்ல வந்ததை விளக்கும் அளவுக்கு ஒரு சிறு பகுதியைக் காட்டவும் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால், கொட்டகைக்குள் உட்கார்ந்து கதாநாயகன் வரும் காட்சியைச் செல்போனில் பிடிக்கிறார்களே, அது வேறு. "நான் என் தலைவருக்கு விளம்பரம் தானே செய்கிறேன்?" என்று ரசிகர் கேட்கலாம். சட்டம் அதை ஏற்காது. 2023-ம் ஆண்டில் சினிமாச் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதி இல்லாமல் கொட்டகையில் படத்தையோ, படத்தின் ஒரு பகுதியையோ பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகம் போனால் 3 ஆண்டு ஜெயில். அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். படத்தின் தயாரிப்புச் செலவில் 100-க்கு 5 ரூபாய் என்ற அளவு வரை அது போகலாம். 100 கோடியில் எடுத்த படம் என்றால் 5 கோடி!

முதல் நாள், முதல் காட்சியிலேயே முடிவை எடுத்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. பாட்டுப் புத்தகக்காரர்கள் கட்டிக் காத்த ரகசியத்தை இவர்கள் அரை நிமிடத்தில் உடைக்கிறார்கள். வெள்ளித் திரையில் காண மீதி இல்லை!

கருப்பனும் வள்ளியும் வந்த வழி

"பரதேசி" படத்துக்கு உடை அலங்காரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. கந்தல் துணிகளுக்குக் கிடைத்த விருது அது! கங்காணி ஆசை காட்டும் இடமும், மலைக்கு நடந்து போகும் நீண்ட வரிசையும், வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும் இடமும் அந்தப் படத்தில் இருக்கின்றன. "மீதியை வெள்ளித் திரையில் காண்க" என்று வெட்டுவதற்கு எத்தனையோ இடம் இருந்தது. முன்பணத்தை வாங்கக் கை நீட்டும் இடத்தில் வெட்டியிருந்தால் போதுமே! பார்த்தவன் குச்சியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டான். "அப்புறம் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்களா?" என்று கேட்டிருப்பான்.

டாக்டர் டேனியலின் நாவல் ஆங்கிலத்தில் வந்தது 1969-ல். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் தமிழுக்கு வந்தது 2007-ல். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு அவர்களுடைய கதை அவர்களுடைய மொழியில் கிடைக்க 38 ஆண்டுகள் ஆயின. அது திரைக்கு வர மேலும் 6 ஆண்டுகள் ஆயின.

குச்சித் துண்டு ஊர் சுற்றி முடிக்கச் சில நாட்கள் தான் ஆயின.